மூன்றாம் வாரத்தில் யார் வருகிறார்கள்?

இந்த நாட்டின் வைத்தியசாலைகளில் தாதியராக வேலை செய்யும் எங்களில் சிலர் இந்தச் சபையிலும் இருக்கிறோம். ஞாயிறு ஆராதனை முடிந்து தேநீர் குடிக்கும்போது பலரும் எங்களிடம் வந்து கேட்பார்கள். பிரஷர் குளிசையைச் சாப்பாட்டுக்கு முன் எடுப்பதா, பின் எடுப்பதா? சீனி வருத்தத்துக்கு மாம்பழம் ஆகுமா? முழங்கால் நோவுக்கு என்ன பூசலாம்? எல்லாம் நல்ல கேள்விகள்தான். ஆனால் வார்ட்டில் நாங்கள் நாள்தோறும் காணும் ஒரு வருத்தத்தைப் பற்றி ஒருவரும் கேட்பதில்லை. அது இரத்தப் பரிசோதனையில் வராது, ஸ்கானில் தெரியாது. அதன் பெயர் தனிமை.

வாலிபர்களாகிய உங்களிடம் இதைப் பற்றி நேராகவே பேச விரும்புகிறோம். எங்கள் கருத்து இதுதான்: தனிமை ஒரு மனக்குறை மட்டுமல்ல, உடலைப் பாதிக்கும் ஒரு சுகாதாரப் பிரச்சினை. இந்நாட்டின் வைத்தியத்துறை அதை ஏற்றுக்கொண்டு ஒரு கதவைத் திறந்திருக்கிறது. அந்தக் கதவுக்கு மறுபக்கம் நிற்க வேண்டியவர்கள் வைத்தியர்கள் அல்லர், நாம்.

வார்ட்டில் நாங்கள் காண்பது

நம்மவர் ஒருவர் வைத்தியசாலைக்குப் போனால் முதல் வாரம் எப்படி இருக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். ஒரு கட்டிலுக்கு இரண்டு பார்வையாளர் என்று சுவரில் எழுதியிருக்கும். எட்டுப் பேர் நிற்பார்கள். ஹோர்லிக்ஸ் போத்தல், திராட்சைப்பழம், பிளாஸ்கில் சூப்பு. போதகர் வருவார், பெண்கள் ஐக்கியத்தார் வருவார்கள், ஒரு பாட்டும் ஒரு ஜெபமும் நடக்கும். பக்கத்துக் கட்டிலில் இருக்கும் வெள்ளைக்கார அம்மா, இவ்வளவு பேரும் இவருடைய பிள்ளைகளா என்று எங்களிடம் கேட்பார். இந்த வழக்கத்தை நாங்கள் குறை சொல்லவில்லை. அது நம் ஊரிலிருந்து நாம் கொண்டுவந்த நல்ல சொத்து.

இரண்டாம் வாரம் மூன்று நான்கு பேர் வருவார்கள். சத்திரசிகிச்சை நல்லபடி முடிந்தது, இனி ஆபத்தில்லை என்ற செய்தி வாட்ஸ்அப் குழுவில் போனதும், 'ஸ்தோத்திரம்' என்று நாற்பது பதில்கள் வரும். அத்துடன் வருகை நின்றுவிடும். மூன்றாம் வாரத்தில் கட்டிலருகே கதிரை வெறுமையாக இருக்கும்.

ஆனால் பல நோயாளிகளுக்கு அந்த மூன்றாம் வாரம்தான் கடினமானது. முதல் வாரம் நோவும் மயக்கமுமாகப் போய்விடும். பிறகுதான் தலை தெளிந்து, இனி வீட்டில் மாடிப்படி ஏற முடியாது, கார் ஓட்ட முடியாது, தனியாகக் குளிக்க முடியாது என்பதெல்லாம் ஒவ்வொன்றாக விளங்கத் தொடங்கும். அந்த நேரத்தில் கதைக்க ஆள் இல்லை. வீட்டுக்குப் போன பின்போ இன்னும் மோசம். வார்ட்டில் சாப்பாடு கொண்டுவருபவராவது காலை வணக்கம் சொல்வார். வீட்டில், மகனும் மருமகளும் வேலைக்குப் போன பின், தொலைக்காட்சி மட்டும்தான் பேசும்.

இரவு வேலையில் எங்களுக்குப் பழகிப்போன ஒன்று உண்டு. அழைப்பு மணி அடிக்கும். போனால் தண்ணீர் வேண்டும் என்பார். மேசையில் தண்ணீர் நிறைந்திருக்கும். சற்று நேரத்தில் மறுபடி மணி. நேரம் என்ன என்று கேட்பார். எதிரே சுவரில் மணிக்கூடு இருக்கும். மூன்றாம் தடவை தலையணையைச் சரிசெய்யச் சொல்வார். அவருக்கு வேண்டியது தண்ணீரோ தலையணையோ அல்ல என்பது எந்தத் தாதிக்கும் தெரியும். ஆனால் ஓர் இரவில் பல கட்டில்களைப் பார்க்க வேண்டியவர் ஒரு கட்டிலருகே எத்தனை நிமிடம் நிற்க முடியும்?

யோவான் சுவிசேஷத்தின் 5ஆம் அதிகாரத்தில், பெதஸ்தா குளத்தருகே 38 வருடம் நோயாளியாகக் கிடந்த மனிதனை நினைத்துப் பாருங்கள். சுகமாக விரும்புகிறாயா என்று இயேசு கேட்கிறார். அவன் ஆம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. தன்னைத் தூக்கிக் குளத்தில் விடுவதற்கு ஆளில்லை என்கிறான். கேள்வி சுகத்தைப் பற்றியது. பதில் ஆளில்லாததைப் பற்றியது. வார்ட்டில் வேலை செய்யும் எங்களுக்கு அந்தப் பதில் விசித்திரமாகத் தெரிவதில்லை.

உடலுக்கு என்ன செய்கிறது?

'தனிமையால் யாரும் சாவதில்லை' என்று சிலர் சொல்வார்கள். ஆய்வுகள் வேறுவிதமாகச் சொல்கின்றன. அமெரிக்க ஆய்வாளர் ஜூலியான் ஹோல்ட்-லன்ஸ்டாடும் அவருடைய குழுவும் 2010ஆம் ஆண்டில் 148 ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்தார்கள். 3 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களைப் பற்றிய தகவல்கள் அவற்றில் இருந்தன. நல்ல உறவுகள் உள்ளவர்கள் உயிரோடிருக்கும் வாய்ப்பு, அப்படி இல்லாதவர்களைவிட 50 வீதம் அதிகம் என்று கண்டார்கள். 2016இல் பிரித்தானிய ஆய்வாளர்கள் சிலர் இருதயத்தையும் பக்கவாதத்தையும் தனியாக எடுத்துப் பார்த்தார்கள். தனிமையும் உறவற்ற வாழ்வும் இருதய நோயின் ஆபத்தை 29 வீதமும், பக்கவாதத்தின் ஆபத்தை 32 வீதமும் கூட்டுவதோடு தொடர்புடையவை என்று வெளியிட்டார்கள். உலக சுகாதார நிறுவனம் 2025 ஜூனில் வெளியிட்ட அறிக்கை, உலகில் 6 பேரில் ஒருவர் தனிமையால் பாதிக்கப்படுகிறார் என்றும், ஆண்டுக்கு ஏறத்தாழ 8,71,000 மரணங்கள் அதனோடு தொடர்புடையவை என்றும் கூறுகிறது.

இது எப்படி நடக்கிறது என்பதில் பெரிய மர்மம் இல்லை. தனித்திருப்பவர் சரியாகச் சமைப்பதில்லை. ஒருவருக்காக அடுப்பு மூட்டுவானேன் என்று தேநீரும் பிஸ்கட்டுமாக நாளை முடித்துவிடுவார். குளிசையை மறந்தால் ஞாபகப்படுத்த ஆளில்லை. நித்திரை குறைகிறது. நடப்பது குறைகிறது. கால் வீங்கியிருப்பதை, பேச்சு குழறுவதை முதலில் காண்பவர் வைத்தியர் அல்ல, கூட இருப்பவர். அந்தக் கண்கள் இல்லாதபோது நோய் முற்றிய பின்புதான் எங்களிடம் வருகிறது.

அதே அறிக்கையில் உங்களுக்கென்று ஒரு செய்தியும் இருக்கிறது. தனிமை அதிகமாக இருப்பது முதியவர்களிடம் என்றுதான் நாம் நினைப்போம். ஆனால் 13 முதல் 29 வயதுக்குட்பட்டவர்களில் 17 முதல் 21 வீதமானோர் தனிமையை உணர்வதாகச் சொல்லியிருக்கிறார்கள். பதின்ம வயதினரிடம் அது மிக அதிகம். ஆகவே 'பாவம் வயது போனவர்கள்' என்று தூரத்தில் நின்று பார்க்கும் விஷயமல்ல இது.

வைத்தியத்துறை திறந்த கதவு

எம்.பி. ஜோ கொக்ஸ் 2016இல் கொல்லப்பட்ட பின், தனிமையைப் பற்றி அவர் தொடங்கியிருந்த வேலையை ஓர் ஆணைக்குழு அவர் பெயரிலேயே தொடர்ந்தது. அதன் பயனாக 2018 ஜனவரியில் பிரித்தானிய அரசு தனிமைக்கென்று ஓர் அமைச்சரைப் பொறுப்பாக்கியது. அடுத்த ஆண்டில் என்.எச்.எஸ்.இன் நீண்டகாலத் திட்டம், குடும்ப வைத்தியர்களின் நிலையங்களில் 1,000க்கும் அதிகமான இணைப்புப் பணியாளர்களை நியமிக்கப்போவதாக அறிவித்தது. இதைத்தான் 'சோஷியல் பிரஸ்கிரைபிங்' என்கிறார்கள். தமிழில் சமூகப் பரிந்துரை எனலாம். வைத்தியர் குளிசை எழுதுவதுபோல, நோயாளியை இந்தப் பணியாளரிடம் அனுப்புவார். அவர் பத்து நிமிடத்தில் எழுப்பி அனுப்பமாட்டார். இருத்திக் கதைப்பார். உங்களுக்கு எது முக்கியம் என்று கேட்பார். பிறகு ஒரு நடைக்குழு, தோட்டவேலைக் குழு, பாடகர் குழு, முதியோர் மதிய உணவு என்று ஏதோவொன்றோடு சேர்த்துவிடுவார்.

இந்த யோசனையின் வேர்களில் ஒன்று ஒரு திருச்சபையில் இருக்கிறது என்பதை நம்மில் பலர் அறியமாட்டோம். கிழக்கு இலண்டனில் புரோம்லி-பை-போ என்ற ஏழ்மையான பகுதிக்கு 1984இல் அன்ட்ரூ மோசன் என்ற போதகர் வந்தார். ஐக்கிய சீர்திருத்த சபையைச் சேர்ந்தவர். பெரிய கட்டடம்; ஆனால் விரல்விட்டு எண்ணக்கூடிய முதியவர்கள்தான் சபையார். அவர் அந்தக் கட்டடத்தை அயலாருக்குத் திறந்துவிட்டார். குழந்தைகள் பராமரிப்பு வந்தது, கலைஞர்கள் வந்தார்கள், உணவகம் வந்தது. அந்தப் பகுதியில் ஓர் இளம் தாய் புற்றுநோயால் இறந்தபோது, பல சேவைகள் இருந்தும் அவை ஒன்றோடொன்று பேசாமல் அவரைக் கைவிட்டதை அங்கிருந்தவர்கள் கண்டார்கள். அதன் பின்தான் தங்களுக்கென்று ஒரு சுகாதார நிலையம் வேண்டும் என்று முனைந்தார்கள். 1997இல் அது திறக்கப்பட்டது. வைத்தியரைப் பார்க்க வருகிறவர் அதே வளவில் படிக்கலாம், சமைக்கலாம், தோட்டம் செய்யலாம், நாலு பேரோடு கதைக்கலாம். மூடப்படும் நிலையில் இருந்த ஒரு சபை நாட்டுக்கே ஒரு மாதிரியைக் காட்டியது.

சமர்செட்டில் உள்ள புரூம் என்ற சிறிய நகரம் இன்னொரு உதாரணம். 2013இல் வைத்தியர் ஹெலன் கிங்ஸ்டன் தன் நிலையத்தில் சுகாதார இணைப்பாளர்களை வைத்தார். அத்தோடு சாதாரண ஊர்மக்களுக்கும் பயிற்சி கொடுத்தார்கள். தங்களைச் சுற்றியிருப்பவர்களுக்கு எந்த உதவி எங்கே கிடைக்கும் என்று சொல்லத் தெரிந்திருப்பதே அவர்களுடைய வேலை. 2013க்கும் 2017க்கும் இடையில் அங்கே அவசரமாக வைத்தியசாலையில் சேர்க்கப்படுவது 14 வீதம் குறைந்தது. அதே காலத்தில் சமர்செட் முழுவதிலும் அது 28.5 வீதம் கூடியது. ஒரே ஒரு நகரத்தின் கணக்கு இது. வேறு காரணங்களும் இருந்திருக்கலாம். ஆனாலும் யோசிக்க வைக்கும் கணக்கு.

மருந்துச்சீட்டு இருக்கிறது, மருந்து எங்கே?

இங்கேதான் எங்கள் வாதத்தின் மையம். இணைப்புப் பணியாளர் எழுதிக் கொடுக்கும் சீட்டுக்கு மருந்து எந்தத் தொழிற்சாலையிலும் செய்யப்படுவதில்லை. நடைக்குழு இருந்தால்தான் நடைக்குழுவுக்கு அனுப்பலாம். மதிய உணவுக் கூடம் திறந்திருந்தால்தான் அங்கே அனுப்பலாம். நூலகங்களும் முதியோர் நிலையங்களும் பணமில்லை என்று மூடப்படும் காலத்தில், சீட்டு மட்டும் கூடிக்கொண்டிருக்கிறது. மருந்துக்கடையே இல்லாத ஊரில் மருந்துச்சீட்டால் என்ன பயன்?

நம்மவர்களுக்கு இந்தக் கஷ்டம் இரட்டிப்பு. ஆங்கிலம் அதிகம் தெரியாத எழுபத்தெட்டு வயது அம்மா ஒருவரை பின்னல் குழுவுக்கு அனுப்பினால், அவர் இரண்டு மணிநேரம் சிரித்துக்கொண்டு இருந்துவிட்டு வருவார். தனிமை குறையாது, கூடும். நம் முதியவர்கள் பலர் இந்நாட்டுக்கு வந்தது பேரப்பிள்ளைகளை வளர்க்க. பிள்ளைகள் வளர்ந்துவிட்டார்கள். அவர்களோடு கதைக்க மொழியும் இல்லை, அவர்களுக்கு நேரமும் இல்லை. வீடு நிறைய ஆட்கள். ஆனால் 'சாப்பிட்டீங்களா' என்பதற்கு மேல் ஒரு வாக்கியம் இல்லை. படிவத்தில் 'தனியாக வசிக்கிறீர்களா' என்ற கேள்விக்கு இல்லை என்று பதில் எழுதப்படும். இவருடைய தனிமை எந்தக் கணக்கிலும் வராது.

வார்ட்டில் மொழிபெயர்ப்பாளரை என்.எச்.எஸ். ஏற்பாடு செய்கிறது; அதற்கு நோயாளி பணம் கட்டத் தேவையில்லை. வைத்தியர் பேசும் அந்த இருபது நிமிடத்துக்கு அவர் இருப்பார். மிச்சம் இருபத்துமூன்று மணி நாற்பது நிமிடத்துக்கு? ஞாபகமறதி நோய் வந்தவர்களில் பலர் பின்னாளில் கற்ற மொழியை முதலில் இழக்கிறார்கள். நாற்பது வருடம் இங்கே வேலை செய்து நன்றாக ஆங்கிலம் பேசியவரும் தமிழுக்கே திரும்பிவிடுவதுண்டு. அப்போது வார்ட்டில் அவரைச் சுற்றியிருப்பவர் எல்லோரும் அவருக்கு அந்நியர்.

பெயரிலேயே சிக்கல் தொடங்கிவிடுகிறது. நம்மில் பலருக்குத் தகப்பனின் பெயரோ கணவனின் பெயரோதான் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயராக இருக்கும். வார்ட்டில் ஒரு பாட்டியை, இறந்துபோன அவருடைய தகப்பனின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருப்பார்கள். தன்னைத்தான் கூப்பிடுகிறார்கள் என்று அவருக்கு எப்படித் தெரியும்? பதில் வராது. 'குழப்பமாக இருக்கிறார்' என்று குறிப்பில் எழுதப்படும். ஊரில் முப்பது வருடம் பள்ளிக்கூடத்தில் படிப்பித்தவர்; எல்லோரும் 'ரீச்சர்' என்று மட்டுமே அழைத்தவர். 'ரீச்சர்' என்று ஒரு சொல் சொன்னால் தலை திரும்பும். அந்தச் சொல் எந்தக் கோப்பிலும் இல்லை. அது தெரிந்தவர்கள் நீங்கள்.

ஜெபக்குறிப்பும் இரகசியமும்

சபைக்குள் ஒரு விஷயத்தையும் நாம் பேச வேண்டும். நம்மவர்களில் எத்தனையோ பேர் நோயை மறைக்கிறார்கள். புற்றுநோய் என்றால் மறைப்பு. மனச்சோர்வு என்றால் முழு மறைப்பு. ஞாபகமறதி என்றால் அவரைச் சபைக்குக் கொண்டுவருவதையே நிறுத்திவிடுவார்கள். ஏன்? ஒருவரிடம் சொன்னால் அது ஜெபக்குறிப்பாக வாட்ஸ்அப்பில் போகும். மாலைக்குள் ரொறன்ரோவுக்கும் சிட்னிக்கும் போய்விடும். மறுநாள் யாழ்ப்பாணத்திலிருந்து தொலைபேசி வரும். பிறகு மகளின் கலியாணப் பேச்சில் அது ஒரு கேள்வியாகும். ஜெபிக்கத்தான் அனுப்பினோம் என்பது உண்மையாகவே இருக்கட்டும். ஆனால் அந்தப் பயத்தால் ஒரு குடும்பம் வாயை மூடிக்கொள்ளும்போது, சபையின் நடுவிலேயே அவர்கள் தனித்துப்போகிறார்கள்.

தாதியருக்கு நோயாளியின் இரகசியத்தைக் காப்பது சட்டக்கடமை. சபைக்கு அந்தச் சட்டம் இல்லை. ஆனால் அந்தப் பண்பு வேண்டும். விதி எளியது: நோயாளியே அனுமதி தராமல் நோயின் பெயரை யாரும் எழுதக் கூடாது. 'ஒரு குடும்பத்துக்காக ஜெபியுங்கள்' என்றால் போதும். எந்தக் குடும்பம், என்ன நோய் என்று கர்த்தருக்கு நாம் விளக்கம் எழுத வேண்டியதில்லை.

வாலிபர் செய்யக்கூடியவை

'எங்களுக்குப் படிப்பு, வேலை, பரீட்சை, நேரம் எங்கே?' என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. 'இது அரசாங்கம் சம்பளம் கொடுத்துச் செய்விக்க வேண்டிய வேலை' என்றும் சிலர் சொல்வார்கள். அதிலும் நியாயம் இருக்கிறது. தாதியரின் எண்ணிக்கையைக் குறைத்துவிட்டு, அந்த இடத்தைத் தொண்டரால் நிரப்பலாம் என்று யாராவது நினைத்தால் முதலில் எதிர்ப்பவர்கள் நாங்கள்தான். மருந்து கொடுப்பதும், கழுவித் துடைப்பதும், காயம் பார்ப்பதும் எங்கள் வேலை. ஆனால் 'ரீச்சர்' என்று கூப்பிடச் சம்பளத்துக்கு ஆள் வைக்க முடியாது.

சாட் வராஹ் என்ற ஆங்கிலிக்கன் குருவானவர் 1953இல் இலண்டன் நகரின் புனித ஸ்தேவான் வால்புரூக் ஆலயத்தில், உயிரை விட நினைப்பவர்கள் அழைப்பதற்கு ஒரு தொலைபேசியை வைத்தார். அதுதான் பின்னாளில் 'சமாரித்தன்ஸ்' ஆனது. அவரைச் சந்திக்கக் காத்திருந்தவர்களுக்குத் தேநீர் கொடுத்து, பக்கத்தில் இருக்கத் தொண்டர்கள் வந்தார்கள். கொஞ்சக் காலத்தில் அவர் ஒன்றைக் கவனித்தார்: தொண்டரோடு கதைத்த பலருக்கு, அதன் பின் தன்னைப் பார்க்க வேண்டிய தேவையே இருக்கவில்லை. 1954இல் அந்த வேலையைத் தொண்டர்களிடமே ஒப்படைத்தார். பட்டம் பெற்றவர் அல்லர், தேநீர் கொடுத்துக் காதுகொடுத்தவர்கள். அதைச் செய்ய உங்களால் முடியும்.

எங்கள் அனுபவத்திலிருந்து சில யோசனைகளைத் தருகிறோம்.

முதலாவது, மூன்றாம் வாரத்தைப் பிடியுங்கள். முதல் வாரம் பெரியவர்கள் பார்த்துக்கொள்வார்கள். வாலிபர் ஐக்கியம் மூன்றாம் வாரத்தையும், வீடு திரும்பிய பின் வரும் இரண்டு மாதங்களையும் எடுத்துக்கொள்ளட்டும். இரண்டு பேர் போதும். அரை மணிநேரம் போதும். போகும் முன் கேளுங்கள். வேண்டாம் என்றால் மனம் நோகாமல் இன்னொரு நாள் கேளுங்கள். எல்லோருக்கும் ஆட்கள் வேண்டும் என்றில்லை. தனித்திருப்பதை விரும்புகிறவர்களும் உண்டு.

இரண்டாவது, போனால் எப்படி இருப்பது என்று தெரிந்துகொள்ளுங்கள். கையைக் கழுவுங்கள். தடிமல் காய்ச்சல் இருந்தால் போகாதீர்கள். வாந்தியோ வயிற்றோட்டமோ இருந்தால், அது நின்று 48 மணிநேரம் கழிந்த பின்பே போங்கள். கட்டிலில் இருக்க வேண்டாம், கதிரையை இழுத்து அவருடைய கண்மட்டத்துக்கு இருங்கள். பெயரைச் சொல்லி, யாருடைய பிள்ளை என்றும் சொல்லுங்கள். கேட் கிரேஞ்சர் என்ற வைத்தியர் தானே புற்றுநோயாளியாக வார்ட்டில் கிடந்தபோது, தன்னிடம் வந்தவர்கள் தங்கள் பெயரைக்கூடச் சொல்லவில்லை என்று கண்டு, 2013இல் 'என் பெயர் இது' என்று சொல்லும் ஓர் இயக்கத்தைத் தொடங்கினார். இன்று எங்களில் பலர் அணியும் மஞ்சள் அட்டை அதிலிருந்து வந்தது. நோயைப் பற்றி விசாரணை செய்யாதீர்கள். உங்களுக்குத் தெரிந்த மருந்தைச் சொல்லாதீர்கள். ஊரைப் பற்றிக் கேளுங்கள். ஜெபிக்கட்டுமா என்று கேட்டுவிட்டு ஜெபியுங்கள். ஆனால் வந்து, கண்ணை மூடி, ஜெபித்து, கண்ணைத் திறந்ததும் எழுந்துபோனால், அவர் ஒரு வார்த்தையும் பேசவில்லை என்பதை மறக்காதீர்கள்.

மூன்றாவது, உங்கள் வீட்டு முதியவரோடு இருந்து ஒரு தாளை நிரப்புங்கள். ஞாபகமறதி உள்ளவர்களுக்காக அல்சைமர்ஸ் சொசைட்டி 'இது நான்' என்ற பொருளில் ஒரு படிவத்தை வைத்திருக்கிறது, இலவசமாகக் கிடைக்கும். எப்படிக் கூப்பிட வேண்டும், எதைச் சாப்பிடுவார், எதைத் தொடமாட்டார், கையால்தான் சாப்பிடுவாரா, கழிவறையில் தண்ணீர் வேண்டுமா, எந்தப் பாட்டைக் கேட்டால் அமைதியாவார், எதற்குப் பயப்படுவார் என்று ஆங்கிலத்தில் எழுதி வையுங்கள். அம்புலன்ஸ் வரும் இரவில் அந்தத் தாள் அவரோடு போகட்டும். அதை வாசிக்கும் எங்களுக்கு அது எவ்வளவு உதவி என்று சொல்லி முடியாது. இதை எழுதுவதற்காகவே நீங்கள் அவரோடு ஒரு மாலை கதைத்திருப்பீர்கள் என்பது இன்னொரு நன்மை.

நான்காவது, கூட இருக்கும் உரிமையைத் தெரிந்துகொள்ளுங்கள். 2014இல் தொடங்கிய 'ஜோன்ஸ் கம்பெய்ன்' என்ற இயக்கம், ஞாபகமறதி உள்ளவர்களோடு குடும்பத்தவர் வைத்தியசாலையில் கூட இருக்க வழிசெய்ய வேண்டும் என்று போராடியது. 2024 ஏப்ரல் முதல் இங்கிலாந்தில் வைத்தியசாலைகளும் பராமரிப்பு இல்லங்களும் பார்வையாளருக்கு இடமளிப்பது ஒரு விதியாகவே இருக்கிறது. விசேஷ காரணம் இருந்தால் மட்டுமே மறுக்கலாம். பார்வையாளர் நேரம் முடிந்தது என்று திரும்பிவிடாமல், பொறுப்புத் தாதியிடம் மரியாதையாகக் கேளுங்கள். சாப்பாட்டு நேரத்தில் வந்து உதவலாமா என்று கேட்டால், பெரும்பாலும் சந்தோஷமாகச் சம்மதிப்போம்.

ஐந்தாவது, தொலைபேசி. ஒரு வாலிபருக்கு ஒரு முதியவர். வாரத்தில் ஒரே நாள், ஒரே நேரம். பத்து நிமிடம். ஒழுங்காக வரும் அழைப்புக்காகக் காத்திருப்பது வாரத்துக்கு ஒரு வடிவத்தைக் கொடுக்கிறது. தமிழ் தடுக்குப்பட்டாலும் பரவாயில்லை. நீங்கள் பிழையாகப் பேசும் தமிழைத் திருத்துவது அவர்களுக்கு ஒரு வேலை, ஒரு சந்தோஷம். காது கேட்கவில்லை என்பதாலேயே ஒதுங்கிவிட்டவர்களும் இருக்கிறார்கள். காதுக்கருவியின் பற்றரியை மாற்றிக் கொடுப்பதும், அந்தக் கிளினிக்குக்குக் கூட்டிப்போவதும்கூடத் தனிமைக்குச் செய்யும் வைத்தியம்தான்.

ஆறாவது, இது சபைத் தலைமைக்கு. நம் மண்டபம் வாரநாட்களில் பூட்டிக் கிடக்கிறது. மாதத்தில் இரண்டு தரம், ஒரு புதன்கிழமை மத்தியானம், சோறும் இரண்டு கறியும், தேநீரும், கதைக்க நேரமும் என்று திறந்தால் என்ன? அப்படி ஒன்று இருக்கிறது என்று அயலில் உள்ள வைத்தியர் நிலையங்களின் இணைப்புப் பணியாளர்களுக்கு ஒரு கடிதம் எழுதினால் என்ன? தமிழ் பேசும் நோயாளியை எங்கே அனுப்புவது என்று தெரியாமல் இருப்பவர்களுக்கு அந்தக் கடிதம் ஒரு பெரிய விடையாக இருக்கும். வருகிறவர் நம் சபையாரா, நம் மதத்தவரா, தமிழரா என்று வாசலில் கேட்க வேண்டாம். பாதுகாப்பு விதிகளைச் சரியாகச் செய்யுங்கள்: பொறுப்பெடுப்பவர்களுக்கு டி.பி.எஸ். சோதனை, பதினெட்டு வயதுக்குக் குறைந்தவர்கள் எப்போதும் ஒரு பெரியவரோடு, யாரிடமும் பணம் கைமாறுவதில்லை. அது சந்தேகத்தால் அல்ல. இரு பக்கத்தையும் காப்பதற்கு.

ஓர் எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். சந்திப்பு மருந்துக்குப் பதில் அல்ல. ஒருவர் வாரக்கணக்காக நித்திரையின்றி, சாப்பாடின்றி, வாழ்வதில் விருப்பமில்லை என்று சொன்னால், 'விசுவாசமாயிருங்கள்' என்று சொல்லி விட்டுவிடாதீர்கள். அவருடைய குடும்ப வைத்தியரிடம் போக உதவுங்கள். உடனே ஆபத்து என்று தெரிந்தால் 999. அவசரமான மனநல உதவிக்கு 111. இந்த விஷயத்தில் நீங்கள் தரும் இரகசிய வாக்குறுதிக்கும் எல்லை உண்டு.

ஒருநாள் வைத்தியசாலையே எல்லாவற்றையும் செய்துவிடும் என்று நாங்கள் நம்பவில்லை. தனிமையைக் கண்டுபிடிக்க வைத்தியத்துறை கற்றுக்கொண்டிருக்கிறது, அது நல்லது. ஆனால் கண்டுபிடித்த பின் யாரிடம் அனுப்புவது என்ற கேள்விக்குப் பதில் அதனிடம் இல்லை. அந்தப் பதில் ஒரு மண்டபத்தின் திறப்பிலும், ஒரு தொலைபேசி இலக்கத்திலும், அரை மணிநேரத்திலும் இருக்கிறது.

வாலிபர் ஐக்கியத்தின் அடுத்த கூட்டத்தில், மூன்றாம் வாரச் சந்திப்புக்கான பெயர்ப் பட்டியலோடு எங்களில் இருவர் வருவோம். முதல் இரண்டு வரிகளில் யார் பெயரை எழுதப்போகிறீர்கள் என்று இப்போதே யோசித்து வாருங்கள். பேனாவை நாங்கள் கொண்டுவருகிறோம்.